சிவப்பு நூல் கட்டாத பானை

அக்கா,

கச்சிராயபாளையத்துப் பக்கம் இன்று புது அகழாய்வுக் குழி போட்டோம். முதல் கூடைப் பானை ஓடுகளைத் தண்ணீரில் கொட்டியதும் எழுந்த வாசனையில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை.

முன்பு வடக்கனந்தல் குழியில் ஓடு கழுவும் வேலை உங்களுடையது. கரி பிடித்த சட்டித் துண்டு கிடைத்தால் நான் அளவெடுப்பேன், நீங்கள் கதை கட்டுவீர்கள். "எவளோ கொழம்ப அடிபுடிக்க வுட்டுட்டா சார். மாமியாகாரி சும்மாவா வுட்டிருப்பா?" சிரித்த சிரிப்பில் ஒருமுறை அளவுகோலைக் குழிக்குள் போட்டுவிட்டேன். அறிக்கையில் 'சமையல் கலம்' என்று மட்டும்தான் எழுதினேன்.

உடையாமல் கிடைக்கும் பானையை மட்டும் கழுவக் கூடாது. உள்ளே அடைந்த மண்ணில்தான் அந்தக் காலத்து மனிதர்கள் தின்ற தானியம் ஒட்டியிருக்கும். உங்களுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் அப்படிப்பட்ட பானையின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டிவிடுவோம். கட்டுவது என் பொறுப்பு. அந்த முழுப் பானை கிடைத்த அன்று, படம் எடுக்கும் அவசரத்தில் நான் மறந்துபோனேன்.

நீங்கள் அதைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். "பாத்தீங்களா சார், புதுசாட்டம் ஆயிடுச்சு!" என்று பெருமையாகச் சொல்லும்போதே மேலதிகாரி வந்துவிட்டார். யார் செய்தது என்று கத்தினார். நான் உங்களைக் கைகாட்டினேன்.

"நூலு கட்டியிருந்துச்சா சார்? நான்தான் பாக்கலியா?"

என்னைத்தான் கேட்டீர்கள். "பார்த்துச் செய்யக் கூடாதா?" என்றேன். மறுநாளிலிருந்து நீங்கள் வேலைக்கு வரவில்லை. நானும் தேடி வரவில்லை. பயம், வேறொன்றுமில்லை.

நீங்கள் இறந்த செய்தி போன மாதம்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போனேன். உங்கள் மகள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"சாவுற வரிக்கும் அம்மா அதையேதான் சார் சொல்லிக்கினு இருந்துச்சு. 'நூலப் பாக்காம கழுவிட்டேனே, அதால சாருக்கு இன்னா கெட்ட பேரு வந்துச்சோ'ன்னு."

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நூல் இல்லை அக்கா. நான் கட்டவே இல்லை. நாளைக்கு உங்கள் மகளிடம் சொல்லிவிடுவேன், மேலதிகாரிக்கும் எழுதிவிடுவேன். கேட்டது நீங்கள். உங்களுக்குத்தான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.