மூன்றாவது கணக்கு

12.8.1993, வியாழன். போத்தனூர்.

நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் சுதாவின் கணக்கு நோட்டில் ஒரு தப்புகூட இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. நேற்று, நோட்டிலிருந்த மூன்றாவது வகுத்தல் கணக்கில் 84 என்பதை 96 ஆக மாற்றி, நான்கால் வகுக்கச் சொன்னேன். யோசிக்காமல் 21 என்று எழுதினாள்.

"மூணாவது கணக்குக்கு இருவத்தொண்ணுதாம்மா" என்றாள்.

இன்று பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். டீச்சர் சிரித்தார். "இன்ஸ்பெக்டர் வாராருங்க அம்மணி. இந்தப் பத்துக் கணக்கைத்தான் கேப்பாரு. புள்ளைங்க பயப்படாம எழுதோணுமில்லீங்க?"

இன்ஸ்பெக்டர் எதைக் கேட்பார் என்று டீச்சருக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்? வாய்வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. சுதா இந்த டீச்சரிடம்தானே இன்னும் படித்தாக வேண்டும்.

சாயங்காலம் சுதாவிடம் தொண்ணூற்றாறு புளியங்கொட்டைகளைக் கொடுத்தேன். அவளே நான்கு கூறாகப் பிரித்து எண்ணினாள். ஒவ்வொரு கூறிலும் இருபத்துநான்கு. முகமெல்லாம் சிரிப்பு. பிறகு என்ன நினைத்தாளோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா, இருவத்திநாலுன்னு எழுதுனா டீச்சர் தப்புப் போட்டுருவாங்களா?"