உன் கதையைக் கேட்டு அழுதவர்கள்

இன்று காலை விடுதி முற்றத்தில் ஈரக் கோரைப்பாயின் வாடை அடித்தது. எட்டிப் பார்த்தால், போன வாரம் வந்து சேர்ந்த சின்னவள் பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிற்கிறாள். மற்ற பிள்ளைகள் பல் தேய்த்தபடி அவளையே பார்க்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆயா இடுப்பில் கையை ஊன்றியிருந்தாள். "பாயை நனைச்சுப்புட்டா டீச்சர். நாலு பேரு பாத்தாத்தான வெக்கம் வரும்?" என்றாள். நான் பாயைப் பிடுங்கி எறிந்த வேகத்தில் ஆயா பயந்து விலகிவிட்டாள். பிறகு என்னென்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. சமையல்கட்டில் இருந்தவர்கள் கரண்டியும் கையுமாக வெளியே வந்து பார்த்தார்கள் என்றால் நீயே யோசித்துக்கொள்.

அந்தச் சின்னவளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இந்தத் தாளை எடுத்தேன். இந்தக் கோபம் உனக்கு எழுதினால்தான் அடங்கும் போலிருந்தது. நீ இறந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

உத்தமபாளையத்துக்கு வெளியே, வயல்களை ஒட்டி, நாம் இருவரும் வளர்ந்த அந்த விடுதியை நான் ஒரு நாளும் நல்ல இடம் என்று சொன்னதில்லை. சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் போட்ட சோற்றுக்கு என்ன வாங்கிக்கொண்டார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. விருந்து கொடுக்க வரும் குடும்பம் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரும். எதிரே இலை போட்டு நம்மை உட்கார வைப்பார்கள். பரிமாறியாகிவிடும், ஆனால் கை வைக்கக் கூடாது. முதலில் ஒரு பிள்ளை எழுந்து, தான் எப்படி அநாதையானாள் என்று சொல்ல வேண்டும். வந்தவர்கள் கண்ணைத் துடைத்த பிறகுதான் நாம் சாப்பிடலாம்.

விடுதியை நடத்திய பெரியம்மா எப்போதும் உன்னைத்தான் எழுப்புவார். என்னை எழுப்பினால் நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன். உன் கதைக்குத்தான் கிராக்கி. குமுளி மலைப்பாதையில் ஜீப் உருண்டதும், ஏலத்தோட்டத்து வேலைக்குப் போன உன் ஆத்தா அதில் இறந்ததும், அவள் மடியில் இருந்த நீ பிழைத்ததும் அந்த வட்டாரத்தில் விருந்து கொடுத்த அத்தனை குடும்பத்துக்கும் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நீ நன்றாகச் சொல்வாயாம்!

போதாக்குறைக்குப் பெரியம்மா அதைத் திருத்தவும் செய்தார். "ஆத்தா முந்தானையைப் புடிச்சுக்கிட்டே இருந்தேன்னு சொல்லு. தண்ணி தண்ணின்னு கேட்டாகன்னு சொல்லு. சோறு போட வந்திருக்காக, அவுக மனசு எளகணும்ல?" என்பார். நீயும் சொன்னாய். ஏழெட்டு வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்?

விருந்து நடந்த மறுநாள் காலையில் உன் பாய் நனைந்திருக்கும். மற்ற நாளில் நனையாது. இதைக் கவனிக்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், கண் இருந்தால் போதும். பெரியம்மாவும் கவனிக்கத்தான் செய்தார். கவனித்துவிட்டு அவர் வந்த முடிவை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. விருந்தன்று நீ பாயசத்தை அதிகமாகக் குடித்துவிடுகிறாய், அதனால்தான் என்று முடிவு செய்தார். அதிலிருந்து உன் இலைக்குப் பாயசம் கிடையாது. மறுநாள் நனைந்த பாயைத் தலையில் வைத்து முற்றத்தைச் சுற்ற வைக்கும் தண்டனையும் நிற்கவில்லை. ஊரையே அழ வைத்துப் பாயசம் வாங்கித் தந்தவளுக்கு ஒரு டம்ளர் பாயசம் இல்லை. நான் என்னுடையதில் பாதியை நீட்டினால், "போடி, எனக்கு அந்த வாடையே ஆகாது" என்பாய்.

உனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது போடி பஜாரிலிருந்து ஓர் ஏலக்காய் வியாபாரி வந்தார். அவருடைய அப்பா இறந்த நாளுக்கு விருந்து. நெய்ச்சோறு, வடை, பாயசம் என்று கூடமே மணந்தது. வழக்கம்போல நீ எழுந்தாய். வியாபாரியின் மனைவி முன்கூட்டியே கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டார். நீ வியாபாரியின் பக்கம் திரும்பினாய். பிறகு நிதானமாகக் கேட்டாய்.

"உங்க அய்யா எப்படிச் செத்தாக?"

நீ அதோடு விடவில்லை.

"கடைசியா என்ன கேட்டாக? தண்ணி கேட்டாகளா? நீங்க பக்கத்துல இருந்தீகளா? எந்திரிச்சு நின்னு சொல்லுங்க. நாங்க அம்புட்டுப் பேரும் கேக்குறோம். அழுதுட்டு எல்லாரும் சாப்பிடலாம்."

நீ குரலை உயர்த்தவே இல்லை. கிண்டலும் இல்லை. வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிடுவது போலக் கேட்டாய். வியாபாரி முகம் கறுத்துப்போய்த் தரையைப் பார்த்தார். அவர் மனைவி கைக்குட்டையை மடியில் போட்டுவிட்டார். அவர்களில் ஒருவராவது, "அந்தப் பிள்ளை கேட்டதில் என்ன தப்பு?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்து காரில் ஏறிப் போய்விட்டார்கள். அவர்கள் அப்பாவின் சாவைப் பேசுவது மரியாதைக்குறைவு. உன் ஆத்தாவின் சாவு மட்டும் இலையில் வைக்கிற தொடுகறி, இல்லையா?

பெரியம்மா உன்னை எல்லார் முன்னாலும் அறைந்தார். "நன்றி கெட்ட கழுதை! நீ இங்கன இருந்தா எவுக இனி சோறு போடுவாக?" அந்த வாரமே கூடலூரில் இருந்த தூரத்து மாமன் ஒருவரை வரவழைத்து, உன் இரண்டு பாவாடையோடு அனுப்பி வைத்தார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. போகும்போது என்னிடம், "இனிமே எவளையும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாக, பாரு" என்றாய். அதில் மட்டும் நீ ஏமாந்துபோனாய். அடுத்த விருந்துக்கு வேறொருத்தியை எழுப்பினார்கள்.

கூடலூரில் உன் வயதுப் பெண்கள் எல்லாம் விடிந்ததும் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மலைத்தோட்டத்துக்குப் போனார்கள். நீ ஜீப்பில் ஏற மாட்டாய். கீழே வயலில் கிடைத்த கூலிக்குக் களை எடுத்தாய். உன் மாமன் வீட்டில் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். உன்னைக் கட்டிக்கொண்டவன் வைத்த பெயர் திமிர். பெரியம்மா முதல் புருஷன் வரை ஆளுக்கு ஒரு பெயர் வைத்தார்களே தவிர, இவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு ஆள் கேட்டதுண்டா? நான் டீச்சர் வேலை பார்த்து, தேனியில் இந்த விடுதிக்கு வார்டனாக வந்த பிறகு, என்னோடு வந்து இரு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "விடுதி வாசலை இனி மிதிக்க மாட்டேன், அது உன் விடுதியா இருந்தாலும்" என்றுவிட்டாய். உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. கண்ணெல்லாம் மஞ்சள் பூத்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், எனக்கும் சொல்லி அனுப்பாமல் கிடந்தாயே.

கம்பம் ஆஸ்பத்திரியில் நான் வந்து பார்த்தபோது, நீயாகத்தான் பேச்சை எடுத்தாய். "எங்க ஆத்தா மொகம் எனக்கு ஞாபகமே இல்லடி. அழுதாகளே, அவுக மொகம் பூராவும் ஞாபகம் இருக்கு. முந்தானையைப் புடிச்சிருந்தேனா, இல்ல அது பெரியம்மா சொல்லிக் குடுத்ததா, அதுவும் தெரியல."

எனக்குத் தெரியும் என்றேன். விடுதிக்கு நீ வந்த புதிதில், பெரியம்மா உன்னை முதன்முதலாக எழுப்புவதற்கு முன்னால், ஆற்றில் துணி அலசும்போது நீயாக உன் ஆத்தாவைப் பற்றி ஒன்று சொன்னாய். அதில் விபத்தும் இல்லை, சாவும் இல்லை. அதை அப்படியே உன்னிடம் திருப்பிச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாய். சிரித்தாய். "இன்னொருக்கா சொல்லு" என்றாய். நர்ஸ் வந்து விரட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்தப் பழைய விடுதியின் செயலாளர் என்னைத் தேடி வந்தார். பெரியம்மா காலம் முடிந்து இப்போது இவர். உன் நினைவாக விருந்து வைக்கிறார்களாம். "பெரிய ஆளுக வர்றாக டீச்சர். அந்த ஜீப்பு கதையை நீங்க சொன்னாத்தான் எடுபடும்" என்றார். வெட்கமே இல்லாமல் கேட்டார். செத்த பிறகும் உன்னை எழுப்பி நிறுத்தப் பார்க்கிறார்கள். "அவ கதை உங்ககிட்ட இல்ல சார். உங்ககிட்ட இருக்கது நீங்க சொல்லிக் குடுத்தது. அங்கன இலைக்கு முன்னால ஒரு பிள்ளையை நிறுத்தினீகன்னு இனிக் கேள்விப்பட்டா, நானே வந்து பந்தியில நின்னு அன்னைக்கு அவ கேட்ட அதே கேள்வியைக் கேப்பேன்" என்றேன். காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஆற்றங்கரையில் நீ சொன்னது இப்போது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. அதை எந்த மேடையிலும் சொல்ல மாட்டேன். இந்த மடலிலும் எழுதவில்லை. எழுதினால் நாளைக்கு யாராவது பிரித்துப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைப்பார்கள். யாரும் கேட்காதபோது நீயாக என்னிடம் சொன்னது அது.