உதவிப்பணத்துக்குப் பயந்த மாமா

ஸ்ரௌவ்வில்
18 ஏப்ரல் 2021

அன்புள்ள மருமகன் றொய்சனுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். மன்னாரில் உமக்கும் உமது அம்மாவுக்கும் மடு மாதாவின் காவல் இருக்கட்டும். போனில் பேசலாம்தானே என்று நீர் நினைப்பீர். போன் மகள் நிலாணியின் கையை விட்டு இறங்கினால்தானே எனக்கு முறை வரும்? அதனால் உம்மைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் கடதாசிகளோடு இதையும் கூரியரில் வைக்கிறேன்.

தோட்டம் தப்பிவிட்டது. கொரோனாவில் நட்டப்பட்ட பண்ணைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணம் எங்களுக்கும் வந்துவிட்டது. கிழிந்து கிடந்த கிறீன்ஹவுசுக்குப் புது பிளாஸ்ரிக் போட்டாயிற்று. கத்தரியும் பச்சைமிளகாயும் நாற்றாகி நிற்கின்றன. மாமி ஒரு மூலையில் கீரை விதைத்துவிட்டு, என்னை அந்தப் பக்கம் அண்ட விடுவதில்லை. நான் தண்ணீர் விட்டால் அழுகிவிடுமாம்.

போன வருடம் நாங்கள் பட்ட பாடு உமக்குச் சரியாகத் தெரியாது. கலியாண மண்டபங்கள் எல்லாம் பூட்டு. கேற்றரிங்காரருக்கு வேலையில்லை. வாங்க ஆளில்லாமல், காய்த்த கத்தரியை அப்படியே உழுது மூடினோம். இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர் எல்லாரும் உதவிப்பணத்துக்கு எழுதினார்கள். அடுத்த காணி இக்னேசியஸ் வந்து வந்து சொல்லிப் பார்த்தார். நான் மாட்டேன் என்று நின்றேன்.

காரணம் கேட்டால் சிரிப்பீர். அரசாங்கக் காசு எடுப்பவர் ஒருவரையும் ஸ்பொன்சர் செய்ய முடியாது என்பது, வந்த புதிதில் ஸ்காபரோவில் என் மண்டையில் ஏறிய பாடம். வேலையில்லாதவருக்கு அரசாங்கம் கொடுக்கும் வெல்ஃபெயர் காசை எடுத்ததால் மனைவியைக் கூப்பிட முடியாமல் தவித்த ஒருவனோடு ஒரே அறையில் இருந்தவன் நான். நிலாணி உம்மைக் கூப்பிட்டிருக்கும் நேரத்தில் அந்தக் காசு இந்த வீட்டுக்குள் வந்தால், உமது பைலை மூடிவிடுவார்கள் என்று பயந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை. மார்கழியில் காணிக்காரரிடம் போய், குத்தகையை முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இக்னேசியஸ் சொல்லித்தான் வீட்டில் விஷயம் தெரிந்தது. நிலாணி உடனே உமது அலுவலைப் பார்க்கும் லோயர் கஜனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அங்கிள், அது தோட்டத் தொழிலுக்குக் குடுக்கிற உதவி. வெல்ஃபெயர் இல்லை. உதுக்கே தோட்டத்தை விடப் பாத்தனீங்கள்?" என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அடுத்த நாளே எழுதிப் போட்டோம். காணிக்காரர் நல்ல மனிதர், வேறு ஆளுக்குக் கொடுக்காமல் பொறுத்திருந்தார்.

பிறகு மாமி பிடித்துக்கொண்டாள். முதுகு முறிய உழைத்த தோட்டத்தை, மகளின் கலியாணத்துக்கு மன்னார் போன இடத்தில் நாலு நாள் பழகிய பெடியனுக்காக விடத் துணிந்தீர்களோ என்று கேட்டாள்.

"அவனுக்காக இல்லை. இவள் போனைப் பாத்துப் பாத்து அழுகிறதைப் பாக்கேலாமல்தான்" என்றேன்.

நிலாணி எழுந்து வெளியே போய்விட்டாள். மாமி அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

கடதாசிகளில் கையெழுத்து வைத்துச் சுணங்காமல் அனுப்பும், தம்பி. விசா கிடைத்ததும் கிடைக்கிற பிளேனில் ஏறும். ஆண்டவர் உம்மைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். எயர்போர்ட்டுக்கு நானும் மாமியும் வரமாட்டோம், நிலாணியைத் தனியாகத்தான் அனுப்புவோம். அவள் அழுததை எல்லாம் நாங்கள் பார்த்துவிட்டோம். சிரிக்கிறதை முதலில் நீர் பாரும்.

உமது வரவைப் பார்த்திருக்கும் மாமா,
யேசுரட்ணம்