கம்பு விழுந்த பிறகு நிற்கிறவள்

என் பிரியமான வீட்டுக்காரருக்கு,

நீங்கள் இரண்டு வருஷம் உட்கார்ந்து வேலை செய்த கேம் போன வெள்ளிக்கிழமை வெளிவந்துவிட்டது. உங்கள் கம்பெனிப் பெண் நந்தினிதான் சென்னையிலிருந்து போன் செய்து சொன்னாள். லிங்க்கும் அனுப்பினாள். அதைத் தொட எனக்கு இரண்டு நாள் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து திறந்தேன்.

அதில் என்ன பார்த்தேன் என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் முதலிலிருந்து சொல்கிறேன், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட். நீங்கள் நம் வேங்கிக்கால் வாடகை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்காகக் கம்ப்யூட்டரில் மனிதர்களை நடக்க வைத்தீர்கள். "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று ஆபீஸில் கேட்டால், "பொம்மைய நடக்க வைக்கறாரு" என்பேன். சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். "நடக்க வைக்கறது சுலபம் கோமதி, நிக்க வைக்கறதுதான் கஷ்டம்" என்பீர்கள். அப்போது எனக்கு அது புரியவில்லை.

கேமின் நாயகி சண்டை தெரிந்த ஒரு பெண். கையில் கம்பு இருக்கும்வரை கம்பால் அடிப்பாள். கம்பு தட்டிவிடப்பட்டால் வெறுங்கையால் அடிப்பாள். கம்பெனியில் முறையாகச் சிலம்பம் கற்ற ஒரு பெண்ணை வைத்துப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு வீச்சும் அளந்து வைத்த மாதிரி இருந்தது. உங்களுக்கு அது போதவில்லை.

"அடிக்கறது அந்தப் பொண்ணு. அடிச்சப்புறம் மூச்சு வாங்கறது நீ. எனக்கு ரெண்டும் வேணும்," என்று சொல்லி, என் கையில் ஒட்டடைக் கம்பைக் கொடுத்து மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனீர்கள். போனை ஸ்டாண்டில் மாட்டினீர்கள்.

"எதிர்ல யாரையாவது நெனச்சிக்கோ."

"யார நெனக்கறது? மோட்டார் போட்டுட்டு நிறுத்தாம போறாரே, கீழ் வீட்டுக்காரரு, அவரையா?"

"அவர்தான் கரெக்ட்டு. வீசு!"

வீசினேன். எனக்கே ஆச்சரியம், கை தானாக எழும்பியது. பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த சாந்தி அக்கா அப்படியே நின்றுவிட்டார். "இன்னா கோமதி, அண்ணன அடிக்கிறியா?" என்று கேட்டார். "இல்லக்கா, சம்பாதிச்சுக் குடுக்கறேன்" என்றேன். ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் அந்த வீடியோவே ஆடிப்போயிருக்கிறது. பிறகு நந்தினி காட்டினாள்.

கம்புச் சண்டை முழுவதும் நல்லபடியாக முடிந்தது. பிறகுதான் வெறுங்கைச் சண்டை. அங்கேதான் நான் உங்களுக்கு உதவாமல் போனேன்.

எவ்வளவு பொறுமையாகச் சொன்னீர்கள். "கம்பு இருந்தா பார்க்கறவன் கண்ணு கம்பு மேல போயிடும். நான் பண்ற தப்பு தெரியாது. ரெண்டு கையும் கம்பப் புடிச்சிருக்கு, அது போற எடத்துக்குக் கை போயிடும். கம்பு இல்லன்னா பத்து விரலையும் நான் யோசிக்கணும். தள்ளி நின்னு அடிக்க முடியாது, கிட்டப் போயாகணும். ஒரு நூல் தள்ளிப் போனாலும் அடி பொய்யாயிடும். அதனாலதான் நீ வேணும்."

நான் என்ன செய்தேன்? கம்பைக் கீழே வைத்ததும் என் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தானையைப் பிடித்தது. மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டது. நீங்கள் எதிரே வந்து நின்று, "என்னத் தள்ளு கோமதி, நெஜமா தள்ளு" என்றீர்கள். உங்கள் மார்பில் கையை வைத்தேன். தள்ள வரவில்லை. சிரிப்பு வந்தது. மறுபடி, மறுபடி என்று நாலு நாள் சாயங்காலம் சொன்னீர்கள். ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, ஆபீஸில் வேலை ஜாஸ்தி, எனக்குத் தலைவலி.

"போதும்ங்க. யாரோ போன்ல ஆடறதுக்கு நான் எதுக்கு மாடியில நின்னு கைய வீசணும்? எனக்கு வெக்கமா இருக்கு. என்ன உட்டுடுங்க" என்று கத்தினேன்.

நீங்கள் போன் ஸ்டாண்டை மடக்கினீர்கள். "சரி, நீ போய்ப் படு" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே? இன்னொரு தடவை கேட்டிருந்தால் வந்திருப்பேனே?

அடுத்த வாரம் பௌர்ணமி. சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். நெஞ்சு எரிகிறது என்றீர்கள். வெந்நீர் கொடுத்தேன். வெந்நீர்! அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. வேர்த்துக் கொட்டியதைப் பார்த்த பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

கிரிவலக் கூட்டம் ரோடு முழுக்க. ஆட்டோ பத்தடி போகும், நிற்கும். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "வழி உடுங்கம்மா, பேஷண்ட்டு, வழி உடுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். யாரைக் குற்றம் சொல்வது? அவரவர் சாமியை நினைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நான் இறங்கி ஆட்டோவுக்கு முன்னால் நடந்தேன். தெரிந்தது ஒன்றுதான், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு போனேன். எதிரே வந்த ஒரு பெரியவர், நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து, தானும் கைகூப்பி "அருணாசலா" என்றார்.

கூட்டம் தன்னால் முடிந்த அளவு ஒதுங்கத்தான் செய்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். நீங்கள் அதற்கு முன்பே போய்விட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். நான் முன்னால் நடந்துகொண்டிருந்தபோதா? அப்போது பின்னால் உங்கள் பக்கத்தில் யாருமே இல்லை. ஆட்டோவிலேயே இருந்து உங்கள் கையைப் பிடித்திருக்க வேண்டுமா, இறங்கி வழி கேட்டிருக்க வேண்டுமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

காரியம் முடிந்த அடுத்த வாரம் நந்தினி பஸ் ஏறி வந்தாள். உங்களோடு போனில் தினம் பேசுவாளே, அந்தப் பெண்தான். இருபத்தைந்து வயது இருக்குமா? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுதுவிட்டாள். கம்ப்யூட்டர் கம்பெனியுடையது, எடுத்துப்போகச் சொல்லியிருந்தார்கள். காபி குடித்த பிறகு அதைத் திறந்தவள், என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இதுல உங்க வீடியோ எல்லாம் இருக்குது. உங்களக் கேக்காம எடுத்துக்கினு போகக் கூடாது. அழிச்சிடட்டுமா, உங்களுக்கு வேணுமா?"

"அந்த வெறுங்கைச் சண்ட என்னம்மா ஆச்சு?"

தலையைக் குனிந்துகொண்டாள். "சார் நாலு மூவ்தான் முடிச்சிருந்தாருக்கா. நிக்கறது, நடக்கறது, திரும்பறது, பின்னால ஒரு அடி வைக்கறது. அடி ஒன்னும் இல்ல. அதனால ஆபீஸ்ல கம்பு மட்டும் போதும்னு பேசிக்கினு இருக்காங்க."

அடி ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"நான் பண்ணித் தரேன்மா. இப்பவே. மாடிக்கு வா" என்றேன்.

அவள் என்னைத் தடுக்கப் பார்த்தாள். துக்க வீட்டில் எப்படி என்று தயங்கினாள். நான் விடவில்லை. நீங்கள் ஸ்டாண்டு வைக்கிற இடம், கைப்பிடிச் சுவர் ஓரம், எனக்குத் தெரியுமே, அங்கேயே வைத்தேன். நந்தினி எதிரே வந்து நின்றாள். "தள்ளுங்க அக்கா, பரவால்ல" என்றாள்.

தள்ளினேன். அந்தப் பெண் போய்த் தண்ணீர்த் தொட்டியில் இடித்துக்கொண்டாள். முழங்கை சிராய்த்துவிட்டது. எனக்குள் அவ்வளவு பலம் இருந்ததா? உங்களுக்குக் கொடுக்காமல் அதை எங்கே வைத்திருந்தேன்? "ஐயோ கண்ணு" என்று ஓடிப்போய்த் தூக்கினேன். அவள், "நிறுத்தாதீங்கக்கா, வீடியோ ஓடிக்கினு இருக்குது, இன்னொரு தடவ" என்றாள். ஒரு மணி நேரம் செய்தோம். தள்ளினேன், உதறினேன், முழங்கையால் இடித்தேன், கீழே விழுந்து எழுந்தேன். அழுதுகொண்டேதான் செய்தேன். மூச்சு வாங்கினதெல்லாம் நடிப்பில்லை. சாந்தி அக்கா மாடிக்கு வந்தார், பார்த்தார், இறங்கிப் போய்விட்டார்.

போகும்போது நந்தினி சொன்னாள், "அக்கா, இத நானே உட்கார்ந்து பண்றேன். சார் பேர் வர மாதிரி பண்றேன்." நான் நம்பினேன். பதினைந்து நாள் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள், ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டாள்.

"ஸாரிக்கா. நான் ரெண்டு தடவ பேசிப் பார்த்துட்டேன். டைம் இல்லன்றாங்க. நான் பண்ணிக் குடுத்தத ஆடிப் பார்த்தவங்க யாரும் வெறுங்கைய விரும்பலையாம். கிட்டப் போனா அடி ஜாஸ்தி படுது, கம்புதான் வசதின்னு எழுதியிருக்காங்களாம். மொத்தமா எடுத்துட்டாங்க."

"நான் வேணா வந்து பேசட்டுமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்தது, நான் யாரிடம் போய் என்ன பேசுவேன்? "வேணாம்கா" என்றாள். சரிம்மா என்று வைத்துவிட்டேன். முன்னால் இருந்த கடிதத்தை அடித்து முடித்தேன். ஒரு வரியை இரண்டு தடவை அடித்திருந்தேன், கையெழுத்துக்குப் போன பிறகுதான் திரும்பி வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

உங்கள் பெண் அழகாக இருக்கிறாள். கம்பைச் சுழற்றும்போது என்ன வேகம்! சுழற்றி முடித்ததும் ஒரு நொடி தோளைத் தளர்த்தி மூச்சு விடுகிறாள், அது நான்தான். தெருவில் போகிறவளைப் பார்த்த மாதிரி என்னை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆடத் தெரியாது. கண்ட இடத்தில் விரலை வைத்தேன். எதிரி ஒருவன் வந்து அவள் கம்பைத் தட்டிவிட்டான்.

கம்பு உருண்டு போனது. அவள் அப்படியே நின்றாள். இரண்டு கையும் வெறுமனே தொங்க, தலை லேசாகக் குனிந்து, வலது கால் சற்றுப் பின்னால், மார்பு ஏறி இறங்க. படம் மெதுவாகக் கறுத்தது. மேலே எழுத்து வந்தது: தோல்வி.

உடனே நந்தினியைக் கூப்பிட்டேன்.

"அந்த நிக்கறது அவர் பண்ணதுதானே?"

"ஆமாக்கா. அது நல்லா இருக்குதுன்னு அத மட்டும் வச்சிக்கிட்டாங்க. தோத்துப்போறதுக்கு."

"அது எந்த வீடியோல இருந்து எடுத்தாரு? நான் அப்படி நின்ன மாதிரி ஞாபகம் இல்லையே."

"அதுக்கு வீடியோவே இல்லக்கா. சார் கண்ணால பார்த்து வச்சுப் பண்ணது." பிறகு சொன்னாள், "சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்கா. சார் அந்த ஃபைலுக்கு 'தயார்'னு பேர் வச்சிருந்தாரு. சண்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னால நிக்கற நெல அது. அங்க இருந்துதான் எல்லா அடியும் கெளம்பணும். இவங்க மாத்திட்டாங்க."

"மறுபடி மாத்த முடியாதாம்மா?"

"முடியாதுக்கா."

அன்று சாயங்காலம்வரை நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். அவள் நிற்பதைப் பார்ப்பதற்காக. என்னை எப்போது அப்படிப் பார்த்தீர்கள்? குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டு உள்ளே போனாரே, அன்று வராந்தாவிலா? அம்மாவை எடுத்துக்கொண்டு போன பிறகு வாசலிலா? அந்த நாட்களில் நான் முடிந்துபோய்விட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பக்கத்தில் நின்று அதற்கு வேறு பேர் வைத்திருக்கிறீர்கள். ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

இன்றைக்கும் நான் அப்படித்தான் நிற்கிறேன். எந்தப் பேர் சரியென்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஆபீஸுக்குப் போகிறேன், வருகிறேன். முன்னறையில் கம்ப்யூட்டர் இருந்த இடம் சதுரமாகத் தூசியில்லாமல் இருந்தது, இப்போது அங்கேயும் தூசி படிந்துவிட்டது.

கம்பெனியை மாற்ற என்னால் ஆகாது. அந்த ஆட்டத்தை ஆடுகிற யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் என் கண்ணெதிரே, பஸ்ஸிலோ ஆபீஸிலோ, யாராவது அதை ஆடி, கம்பு விழுந்து, "செத்தாடா" என்று சொன்னால், வெட்கப்படாமல் பக்கத்தில் போய்ச் சொல்வேன்: இல்லப்பா, அவ இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் சொல்வேன். இதைத் தவிர என்னால் ஆகிறது ஒன்றுமில்லை. இதைக் கட்டாயம் செய்கிறேன்.

உங்களைத் தள்ளத் தெரியாமல் போன
உங்கள் வீட்டுக்காரி,
கோமதி
வேங்கிக்கால், திருவண்ணாமலை