அவர் படுக்கும் சீட்டுக்கு அடியில்

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று டயாலிசிஸ். ஐந்தே காலுக்கு இவரை வேனில் ஏற்றிவிட்டுப் பக்கக் கதவை இழுத்தால் வரவில்லை. அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தால்தான் மூடுகிறது. பத்து நாளில் இது நாலாவது தடவை. "கதவுக்கு உன் மேல என்ன கோவமோ" என்கிறார், நடு சீட்டில் படுத்துக்கொண்டு. படுத்திருப்பவருக்கு எல்லாம் வேடிக்கைதான். தூக்குகிறவளுக்கு அல்லவா இடுப்பு போகிறது!

நாளை அய்யம்பேட்டைக்குக் கொண்டுபோய் மெக்கானிக் ஹாஜா மைதீன் பாயிடம் காட்ட வேண்டும். எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்.

செப்டம்பர் 17, புதன்

எண்ணெய் விஷயம் இல்லை.

பாய் வண்டியை ஜாக்கியில் தூக்கினார். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். எல்லா இடத்திலும் கணீரென்று கேட்டது. நடு சீட்டுக்கு நேர் கீழே மட்டும் சத்தம் மந்தமாக வந்தது. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி லேசாகத்தான் குத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்ததும் செதில் செதிலாகத் துரு கொட்டியது.

"வெறும் தகரத்துல ஓட்டைன்னா நானே அடைச்சிருவேன் தங்கச்சி. இது வண்டியத் தாங்குற சட்டம், இது தொய்ஞ்சுதான் கதவு எறங்கியிருக்கு. வெல்டு பிடிக்க நல்ல இரும்பு வேணும்ல? அக்கம்பக்கம் அதுவே இல்ல. இதுல ஆள ஏத்தாதீங்க."

ஏற்றாமல்? எங்கள் ஊருக்குள் முதல் பஸ்ஸே ஏழு இருபதுக்குத்தான். தஞ்சாவூரில் இவருக்கு மெஷின் ஆறரைக்கு. வாரம் மூன்று நாள். ஒரு தடவை தவறினால்கூட மறுநாள் முகம் ஊதி, மூச்சு இழுத்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பார். பாய்க்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் சொன்னார்.

இவரிடம் கதவு ரோலர் தேய்ந்திருக்கிறதாம் என்று சொல்லிவைத்தேன்.

இந்த வண்டியை நம் தலையில் கட்டிய நாகூர்க்காரன் நல்லா இருப்பானா? பத்து வருஷம் கடல் காற்றில் நிறுத்திவைத்துவிட்டு, மேலே பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறான் படுபாவி.

செப்டம்பர் 18, வியாழன்

போனோம். முப்பதைத் தாண்டவில்லை. வேறென்ன செய்யட்டும்.

செப்டம்பர் 20, சனி

டயாலிசிஸ் சிஸ்டரிடம் பதினோரு மணி ஷிப்டுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். அது கிடைத்தால் பஸ்ஸிலேயே வந்துவிடலாம். "இடமே இல்லம்மா. எழுதி வச்சிக்கறேன். உங்களுக்கு முன்னாடி நாலு பேரு இருக்காங்க" என்றார்.

இவர் மெஷினில் இருந்த நேரத்தில் பைபாஸ் பக்கம் வைரக்கண்ணு என்ற டிங்கரைப் போய்ப் பார்த்தேன். குனிந்து ஒரு பார்வை, அவ்வளவுதான். "பிளேட்டு வச்சி அடிச்சி, மேல தார் பூசிட்டா ஒரு வருஷத்துக்குக் கவலையே இல்லக்கா. சில பேரு சும்மா பயமுறுத்துவாங்க." காலில் விழலாம் போலிருந்தது எனக்கு. அவர் ஒரு இடத்திலும் தட்டிப் பார்க்கவில்லை. அதைக் கவனித்தேன். கவனித்தும் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வெல்டிங் பொறி பட்டால் பற்றிக்கொள்ளுமாம், உள்ளே விரித்திருக்கும் ரப்பர் மேட்டைக் கழற்றிவிட்டுக் கொண்டுவர வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மேட்டைக் கழற்றினேன். கழற்றாமலே இருந்திருக்கலாம்.

அடியில் வைக்கோல். நான் போட்ட வைக்கோல். கறுத்து, மக்கி, பிழிந்தால் தண்ணீர் வருகிற ஈரத்தோடு. அதற்குள் சிவப்புச் சிவப்பாக ஏதோ கட்டி தட்டியிருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. பொட்டாஷ்.

ஒவ்வொரு குறுவைக்கும் சம்பாவுக்கும் உரமூட்டையை இந்த வேனில்தானே ஏற்றினோம்? மூட்டை வழுக்காமல் இருக்கவும், சிந்துவது தரையில் ஒட்டாமல் இருக்கவும் மேட்டுக்கு அடியில் வைக்கோல் பரப்பியவள் நான். எப்படி என் யோசனை என்று பீற்றிக்கொண்டதும் நான். இவருக்கு உடம்புக்கு வந்த பிறகும் எடுக்கவில்லை. கால் வைக்க மெத்தென்று இருக்கும் என்று விட்டுவைத்தேன். உரமும் ஈரமும் சேர்ந்து அஞ்சு வருஷமா இரும்ப அரிச்சித் தின்னுருக்கு, நான் நாகூர்க்காரனத் திட்டிக்கிட்டு இருக்கேன். அய்யோ. என் கையாலயே.

வைக்கோலை வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தேன். இவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

பிளேட் வைத்தாகிவிட்டது. கதவு ஒற்றை விரலால் மூடுகிறது. அடியில் தார் புத்தம் புதிதாக மின்னுகிறது. இவருக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் இரண்டு வாய் இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

வாய்க்கால் மதகில் ஏறி இறங்கும்போது அடியில் 'கடக்'. "கேட்டுச்சா?" என்றேன். "எது?" என்றார்.

செப்டம்பர் 27, சனி

மறுபடி. இரண்டு தடவை. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

பாய் சொன்னது பொய்யாக இருக்கக் கூடாதா? ஒரு வருஷம் வேண்டாம், ஒரு மாசம் தாங்கக் கூடாதா? யாரிடம் கேட்கிறேன் இதை?

செப்டம்பர் 28, ஞாயிறு

இவர் எடை ஐம்பத்தெட்டு. வீட்டில் கட்டிவைத்த குறுவை நெல் மூட்டை அறுபது. இவர் தூங்கும் நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுத் தங்கமணியை ஒரு கை பிடிக்கச் சொல்லி, மூட்டையை நடு சீட்டில் படுக்கவைத்தேன். "மில்லுக்காடி? அத ஏன் சீட்டுல ஏத்துற?" என்றாள். ஆமாம், மில்லுக்கு என்றேன்.

மதகில் மெதுவாகப் போகவில்லை. வேண்டுமென்றே நாற்பதில் ஏற்றி இறக்கினேன். முதல் தடவை ஒன்றுமில்லை. திரும்பி வந்தேன், ஒன்றுமில்லை. போதும், வீட்டுக்குப் போ என்று மனசு சொன்னது. மூன்றாவது தடவை பின்னால் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். சீட் ஒரு பக்கம் இறங்கியது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் கொஞ்ச தூரம் போய்விட்டேன்.

இறங்கிப் பார்த்தால் ரோட்டோரம் நீளத்துக்கு நெல். பிளேட்டைச் சுற்றி வேனின் தரை பிய்ந்து, சீட்டின் கால் அதில் இறங்கியிருந்தது. கிழிந்து நிமிர்ந்த தகரம் சீட்டைத் துளைத்து மூட்டையை அடியில் ஒரு முழத்துக்கு அறுத்திருந்தது. மூட்டைக்குப் பதில் இவர் படுத்திருந்தால் முதுகு இருக்கிற இடம்.

நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் பாய்க்குப் போன் செய்தேன். வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "செவ்வாக்கெழம என் லோடு ஆட்டோவுல மெத்தையப் போட்டு எடுத்துட்டு வரேன். ஆறரைக்கு விட்டுருவோம்" என்றார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தெருவில் சைக்கிளுக்குக்கூடச் சந்தனம், மாலை. நம் வேன் பாய் பட்டறையில் நிற்கிறது, உடைப்பதற்கு. "வண்டிக்குப் பொட்டு வைக்கலையா?" என்று இவர் கேட்டார். சட்டம் போய்விட்டது, இனி ஓடாது என்பதை மட்டும் சொன்னேன். ஏன் போனது என்பதைச் சொல்லவில்லை.

அக்டோபர் 11, சனி

இத்தனை நாளும் பாயின் லோடு ஆட்டோதான். பதினோரு மணி ஷிப்டில் ஒரு இடம் கிடைத்திருக்கிறது. நமக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்களே, எப்படி என்று சிஸ்டரிடம் நான் கேட்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

எட்டு ஐம்பது பஸ். கண்டக்டர் முன் சீட்டை ஒதுக்கித் தருகிறார், நல்ல மனிதர். இரண்டு நாளாக மழை. இவர் ஜன்னல் பக்கம்.

மதகு தாண்டியதும் "ரோட்டோரத்துல யாரு நாத்து விட்டது? கோடு போட்ட மாதிரி போவுது பாரு" என்றார். எட்டிப் பார்த்தேன். ஓரச் சேற்றில் பச்சையாக முளைத்து, விரல் உயரம் நின்றது.

நான்தான் என்றேன். ஒன்றைச் சொன்னதும் எல்லாம் வந்துவிட்டது. மூட்டை, தார், பொட்டாஷ், வைக்கோல். பஸ்ஸில் நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

அந்தப் பச்சைக் கோடு மறையும்வரை திரும்பிப் பார்த்தார். அப்புறம், "வைக்கோல உதறி உதறி உன் கையில குடுத்தது யாரு? நான்தான. மூட்டையத் தூக்கிப் போட்டதும் நான்தான். நீ எதுக்கு ஒருத்தியா வச்சிக்கிட்டுக் கெடந்த?" என்றார். அடுத்த மூச்சிலேயே "அறுவது கிலோ நெல்லு போச்சே" என்றார்.

"போவட்டும்" என்றேன்.

பள்ளியக்ரகாரம் வருவதற்குள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கனமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி ஸ்டாப் வரும்வரை நான் அசையவில்லை.