குதிரை வந்ததா, வரவில்லையா?

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? பாப்பா சரியாகச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

நீங்கள் பெட்டியில் வைத்து அனுப்பிய நாவலை முடித்துவிட்டேன். மலைக்கோட்டையில் தனியாகக் காவல் இருப்பவன், தினமும் இறக்கை முளைத்த குதிரை ஒன்று வந்து தன்னோடு பேசுகிறது என்கிறானே, அந்தக் கதையைச் சலவைக்கூடத்தில் என்னோடு இஸ்திரி போடும் அக்காவுக்குச் சொன்னேன்.

"குதிரையும் இல்ல, கழுதையும் இல்லக்கா. ஆளு நல்லா புளுகுறான்" என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "பேச ஆளில்லாதவன் வேற என்னம்மா செய்வான்? அவனுக்கு அது வந்துச்சு" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோப்புத்தூள் பட்டுவிட்டது என்று சமாளித்தேன். இப்போது எனக்கும் அவனிடம் குதிரை வந்திருக்கும் என்றே படுகிறது.

இரண்டு ஜோடி கெட்டியான காலுறை அனுப்புங்கள். பாப்பா எழுதிக் கிறுக்கிய பழைய நோட்டு இருந்தால் அதையும் வையுங்கள்.

'இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை' என்று நாவலில் அந்தக் காவல்காரன் தன் மனைவிக்கு எழுதும் இடத்தில், ஓரத்தில் பென்சிலால் 'பொய்' என்று குறித்திருக்கிறீர்கள். வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். என் கடிதங்களைப் படிக்கும்போது மட்டும் கையில் பென்சில் வேண்டாம்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா