தபாலில் சேர்க்காத கடிதம்

ஜூன் 3

கடல் தாண்டி இருக்கும் மகளுக்கு,

சுகமா? உன் முகம் பார்த்ததில்லை. ஆனால் என் மகன் உன்னைப் பற்றிப் பேசாத நாளில்லை. இங்கே இளைஞர் சங்கத்துக்கு அவன் செயலாளர், அங்கே உங்கள் சங்கத்துக்கு நீ. உனக்குச் செய்தி வந்திருக்கும். நாலே நாள் காய்ச்சல். போய்விட்டான்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். சட்டைக்குப் பித்தான் தைக்கும் வேலை. உங்கள் அரசியல் எனக்குத் தெரியாது. அவன் மேசையில் உன் விலாசம் எழுதி ஒட்டிய கடிதம் ஒன்று கிடந்தது. கடைசியாக எழுதியது உனக்குச் சேரட்டும் என்று பிரிக்காமல் இதோடு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்டில் நீங்கள் நாலு பேர் வருவதாக ஏற்பாடு. "லாட்ஜெல்லாம் வேணாம்மா, நம்ம வீட்லதான் தங்கணும்" என்று சொல்லியிருந்தான். அது அப்படியே இருக்கட்டும். வாருங்கள்.

இப்படிக்கு,
அவன் அம்மா


ஜூன் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

வீட்டில் பேசிப் பழகிய தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய உங்கள் மகனின் கடிதத்தைப் பிரித்தேன். "எங்களைக் கேட்காமல் உங்கள் அறிக்கையில் எங்கள் சங்கத்தின் பெயரையும் போட்டுவிட்டீர்கள். தோழமை என்பது இதுதானா? இனி உறவு வேண்டாம். நீங்கள் வரவும் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார்.

அவர் சொன்னது நிஜம். அவசரத்தில் கேட்காமல் போட்டோம். அவருடைய கடைசி வார்த்தையை மீறக் கூடாது என்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. ஆகஸ்ட் பயணத்துக்கு எடுத்த டிக்கெட்டை ஜூலை இருபதாம் தேதி ரத்து செய்துவிடுவோம். மன்னியுங்கள், அம்மா.

உங்கள்
மகள்


ஜூலை 2

மகளே,

உன் கடிதத்தை வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். தப்பு என்மேல்தான்.

அவன் எழுதிய அந்தக் கடிதம் இருபது நாள் மேசையில் கிடந்தது. "தபால்ல போட்டுட்டு வரட்டுமாடா?" என்று ஒருநாள் கேட்டேன். "இருக்கட்டும்மா, நான் பாத்துக்கறேன்" என்றான். மறந்துவிட்டான் என்று நினைத்தேன். தபால்பெட்டி எங்கள் தெருமுனையில் இருக்கிறது. மற்றக் கடிதமெல்லாம் ஒட்டின பசை காய்வதற்குள் ஓடிப்போய்ப் போட்டுவிடுவான். இதை மட்டும் மறந்தா போவான்? அனுப்ப மனசு வராமல்தான் வைத்திருந்தான். இந்த மரமண்டைக்கு அது இப்போதுதான் எட்டுகிறது.

இன்னொன்றும் கேள். அதே இருபது நாளில்தான் நாலு தலையணை தைத்துக் கொடு என்று என் உயிரை வாங்கினான். "மந்திரிங்களாடா வர்றாங்க?" என்றேன். "மந்திரின்னா லாட்ஜுக்கே அனுப்பிடுவேன்" என்றான். வரவேண்டாம் என்று நினைத்தவன் தலையணை கேட்பானா, நீயே சொல். கோபம் அந்தத் தாளோடு போயிருக்க வேண்டியது. நான்தான் தூக்கி உனக்கு அனுப்பிவிட்டேன்.

அதற்காக நீங்கள் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். ஆளைக் கேட்காமல் பேரைப் போடலாமா? இங்கே சங்கத்துப் பிள்ளைகளிடம் நேரில் வந்து தப்பு என்று நீயே சொல். திட்டுவார்கள், வாங்கிக்கொள். டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யாதே. ரெண்டு வருஷமாக அவன் ஓடி ஓடிச் சேர்த்த உறவு என் கையால் அறுந்தது என்று ஆக வேண்டாம்.

எதற்கெடுத்தாலும் வாதாடுவான், வீட்டில் அவனுக்கு வக்கீல் என்றுதான் பேர். அவன் இருந்தால் உன்னை இன்னும் கூடவே திட்டியிருப்பான். திட்டி முடித்துவிட்டு, "சாப்ட்டியா?" என்றும் அவனே கேட்பான்.

அந்த ஒன்றை நான் கேட்கிறேன். வா.

உன்
அம்மா